சத்தம் போடாத தோலு

மேடையில ஒக்காந்துனு இருக்கிற பெரியவங்களே, ஷிப்ட்ட விட்டுட்டு ஓடியாந்த கம்பெனி பொண்ணுங்களே, ஜெயம்மாளோட கும்பிடு. எனக்குப் பேப்பர் பாத்துப் படிக்க வராது. வாய்க்கு வர்றத சொல்றேன்.

எங்க பறைக்குழுத் தலைவி, எங்க வாத்தியாரம்மா எழிலரசி போய்ட்டா. பதினாறு நாளாச்சு. எப்பேர்ப்பட்ட பொம்பள! ஷூ கம்பெனியில தையல் மிஷின்ல குந்தினவ, எங்க ஒம்போது பேரையும் பறை எடுக்க வச்சாளே, வேற யாரால முடியும்?

அது எங்க ஆரம்பிச்சுது தெரியுமா? அமிர்தியில! கம்பெனி பஸ்ல டூர் போனோம். அந்த டிரைவரு இருக்கானே, வழியெல்லாம் புளிசோறு கேட்டுனே வந்தான்... அது கெடக்கட்டும். அருவியாண்ட எழிலரசி சோத்து டப்பா மூடிய எடுத்துத் தட்டுனா. அவ அப்பா கன்னியப்பன் பறையடிச்சவரு. அந்த அடி இவ விரல்லயே இருந்திருக்கு! நாங்க ஆடுனோம் பாருங்க. "இன்னாடி ஜெயம்மா, இந்தக் காலு இவ்ளோ நாளா எங்கடி இருந்துச்சு?"ன்னா.

வந்ததும் வேப்பங்கட்டையில வளையம் செஞ்சோம். தோலு? நமக்கா தோலுக்குப் பஞ்சம்? சூப்பர்வைசர்கிட்ட கேட்டு, வழவழன்னு மீந்த துண்ட வாங்கியாந்து இழுத்து ஒட்டுனோம். அடிச்சா "தொப்பு தொப்பு"ன்னுது. ஈரக் கோணிய அடிச்ச மாதிரி! கூட வேலை செய்ற பில்கிஸ் உழுந்து உழுந்து சிரிச்சா. "அடியே, இருபது வருசமா தோலு தைக்கிறீங்க, இது கூடத் தெரியாதா? ஷூவுக்குப் பதம் போட்ட தோலு வாயத் தொறக்காது. பச்சைத் தோலு வேணும்டி!" அவ அண்ணன் தோல் மண்டியில இருந்து கன்னுத்தோலு கொண்டாந்தா. சுண்ணாம்புல ஊறவச்சு, முடி வழிச்சு, புளியங்கொட்டைப் பசையில ஒட்டிக் காயவச்சோம். கணீர்ன்னுச்சு!

அன்னிக்கே எழிலரசி சொல்லிட்டா. "சாவுக்கு அடிக்க மாட்டோம். எங்கப்பன சாவுக்கு மட்டும்தான் கூப்டாங்க. திருவிழான்னா தெருமுனையிலயே நில்லுன்னாங்க. தாம்பாளத்துல வெத்தலபாக்கு வச்சுக் கோயிலுக்குக் கூப்புடட்டும். அதுவரைக்கும் இந்த ஊருல பறை எடுக்கக் கூடாது." குடியாத்தத்துல கல்யாணத்துக்கு அடிச்சோம். ஆம்பூர்ல ஆண்டு விழாவுக்கு அடிச்சோம். நம்ம ஊருல மட்டும் ஒரு அடி அடிக்கல.

அவளத் தூக்குனப்ப கூட பறை மூலையிலதான் இருந்துச்சு. "இத்தன பேரு இருந்தும் தலைவிக்கு ஒரு அடி இல்லியா?"ன்னு நீங்களே கேட்டீங்க. எங்க குழுவுல இருக்கிற சங்கீதா பறைக்குச்சிய எடுத்துட்டா. நான்தான் அவ கையப் புடிச்சேன். எழிலரசி சொன்ன சொல்ல மீறலாமா?

இன்னிக்குக் காலையில இன்னா நடந்துச்சு? கோயில் தர்மகர்த்தா பாண்டியன் தாம்பாளத்தோட நம்ம தெருவுக்கு நடந்து வந்தாரு!

"ஆடித் திருவிழாவுக்கு நீங்க முன்னால அடிச்சினு வரணும் ஜெயம்மா."

"முன்னாலன்னா எங்கங்க? தெருமுனையிலயா?"

"சாமிக்கு முன்னாலம்மா. கோயில் வாசல்ல இருந்து."

தோ, அந்த வெத்தலதான் அவ படத்தாண்ட இருக்குது. எழிலரசி, ஜெயிச்சுட்டடி! கன்னியப்பன் நின்ன தெருமுனையத் தாண்டி, ஆடிக்கு நாங்க போறோம். உன் பறைய உன் பொண்ணு நந்தினி மாட்டிக்குவா. ஒரு வருசம் கூட விட மாட்டோம், இது சத்தியம்.

இப்ப அடிக்கப் போறோம். சாவுக்கு இல்லீங்க. வெத்தல வந்துச்சே, அதுக்கு! சங்கீதா, வெளிய வைக்கோலக் கொளுத்துடி. தோலு சூடேறி இறுகட்டும்.