எண்ணிக்கையில் வராத வாசகி

காற்று வராத இந்த மேடையிலும் முகம் சுளிக்காமல் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவி அம்மையார் அவர்களே. இவன் எப்போது முடிப்பான் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் அமர்ந்திருக்கும் செயலாளர் ஐயா அவர்களே. சக்கர நாற்காலியில் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. வீட்டில் ஒருவரைப் படுக்கையில் விட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "ஒரு மணி நேரம் பாத்துக்கங்க" என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. மனைவிக்காகவும் தந்தைக்காகவும் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்ட தம்பிமார்களே, உங்கள் களைத்த கைகள் அனைத்துக்கும் என் வணக்கம்.

நான் தையல்காரன். என் அண்ணன் பக்கவாதத்தில் படுத்தபோது, படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கான இந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். அண்ணன் போய்விட்டார். நான் இன்னும் போகவில்லை. போகச் சொன்னாலும் போவதாக இல்லை.

இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் சங்கத்தின் இணையதளத்தை மூடிவிடலாம் என்கிறது அந்தத் தீர்மானம். கொண்டுவந்தவர் செயலாளர் ஐயா. எதிர்த்துப் பேச வந்திருப்பவன் நான். ஐயாமேல் எனக்குக் கோபமா? அவர் வீட்டுச் சட்டையெல்லாம் நான் தைத்தது; கோபப்பட்டால் தொழில் என்னாவது? அன்பினால்தான் எதிர்க்கிறேன்.

அந்த இணையதளம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். நம் இயன்முறை மருத்துவர் அம்மா ஒவ்வொரு பக்கமாக எழுதினார். படுத்திருப்பவருக்குப் புரையேறாமல் எப்படி ஊட்டுவது, படுக்கையிலேயே எப்படித் தலை அலசிவிடுவது, வலிக்காமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று படம் போட்டு எழுதினார். செயலாளர் ஐயா அவற்றை ஏற்றினார். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும், நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார். தளத்தின் உச்சியிலும் அந்த எண்ணை ஒரு பெட்டிக்குள் போட்டுவைத்தார்.

எண் வளர்ந்தது. நூறு ஆயிரமானது, ஆயிரம் பல்லாயிரமானது. ஐயாவின் நடையே மாறியது. சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பவர், அன்று சர்க்கரை போட்டுக் குடித்ததை நானே கண்ணால் பார்த்தேன். படுத்த அக்காவைப் பல வருடம் தனியாகப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். நம்மைப்போல் இத்தனை பேரா, இத்தனை பேருக்கா நாம் உதவுகிறோம் என்று அவர் பூரித்ததில் என்ன தவறு? நீங்களாக இருந்தால் பூரித்திருக்க மாட்டீர்களா?

எந்தப் பக்கத்துக்கு அதிகக் கூட்டம் என்று பார்த்தோம். நாட்காட்டிக்கு. நம் மாதக் கூட்டம் எந்தத் தேதியில் என்று காட்டும் பக்கத்துக்கு. செயற்குழு கூடிப் பேசியது. மக்கள் நம் கூட்டத்துக்கு வரத் துடிக்கிறார்கள் என்று முடிவு கட்டியது. நாட்காட்டியைத் தளத்தின் வாசலில் தூக்கி வைத்தது. ஆள் வராத பக்கங்களை அப்புறப்படுத்தியது. பெரிய மண்டபம் பிடித்தது. வரிசை வரிசையாக நாற்காலி போட்டது. வந்தவர்கள் யார்? வழக்கமாக வரும் நாம்தான். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், அன்று அத்தனை நாற்காலியையும் திரும்ப அடுக்கியதும் நீங்கள்தானே.

இது எங்கோ இடிக்கிறது என்று செயலாளர் ஐயாவின் மருமகள் வந்து பார்த்தார். கணினி வேலையில் இருப்பவர். சர்வரின் பதிவுகளை ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"மாமா, இதுல கிட்டத்தட்ட எதுவுமே ஆளு இல்ல."

"ஆளு இல்லாம, பின்ன பேயா வந்து படிக்குது?"

"பாட் மாமா. தானா ஓடற நிரல். தேடுபொறிக்காரங்க அனுப்பறாங்க, விளம்பரக்காரங்க அனுப்பறாங்க, செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சேக்கறவங்க அனுப்பறாங்க. ஒரு பக்கத்துல இருக்கற இணைப்ப எல்லாம் பிடிச்சுப் பிடிச்சு அடுத்த பக்கத்துக்குப் போகும். நம்ம நாட்காட்டியில 'அடுத்த மாதம்'னு ஒரு பொத்தான் இருக்கில்ல, அத அழுத்திக்கிட்டே போயிருக்கு."

"எது வரைக்கும் போச்சு?"

"அடுத்த நூற்றாண்டைத் தாண்டிடுச்சு மாமா. அங்கயும் நம்ம கூட்டம் முதல் ஞாயித்துக்கிழமைதான்."

அன்பர்களே, வருகிறவர்களை எண்ண நாம் தளத்தில் வைத்திருந்த கணக்கி பாவம், வந்தது யார் என்று கேட்கத் தெரியாதது. கதவு திறந்தால் ஒன்று என்று எழுதும். சில நிரல்கள் வரும்போதே தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வருகின்றனவாம். சில, மனித வேடம் போட்டு வருகின்றனவாம். பெயர் சொன்னதையும், நொடிக்கு நொடி பக்கம் தாவியதையும் மருமகள் கழித்துப் பார்த்தார். மிச்சம் இருந்தவர்களை ஒரே பேருந்தில் உட்காரவைத்துவிடலாம். நின்றுகொண்டு வர ஆள் இருக்காது.

நான் என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். கடை வாசலில் ஒரு பொம்மை நிற்கிறது. அதற்கு எந்தச் சட்டையும் கச்சிதமாக இருக்கும். தொப்பை இல்லை, கூன் இல்லை, ஒரு தோள் தாழ்ந்தும் இல்லை. அந்தப் பொம்மைக்கு அளவெடுத்து ஊருக்கெல்லாம் சட்டை தைத்தால் யாருக்குப் பொருந்தும்? நாம் பொம்மைக்கு அளவெடுத்துவிட்டோம்.

ஐயா கரும்பலகையைத் துடைத்தார். அன்றைக்கு டீயே குடிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அலுவலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெல்டிங் வேலை பார்ப்பவர். சட்டைக் கையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள். தையல்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும்.

"ஐயா, பொண்டாட்டிய புரட்டிப் படுக்கவைக்கறதுக்குப் படம் போட்டு ஒரு பக்கம் இருந்துச்சே, அத இப்பக் காணோமே?"

"அத யாரும் பாக்கறதில்லன்னு எடுத்துட்டோங்க," என்றார் செயலாளர்.

வந்தவர் ஐயாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் பாத்தேனே."

சத்தம் போடவில்லை. குறை சொல்லவில்லை. நான் பாத்தேனே என்றார், அவ்வளவுதான்.

அவர் மனைவிக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கைபேசியைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்துவைத்து, எந்த முழங்காலை முதலில் மடக்குவது, எங்கே கை கொடுப்பது, தலையணையை எங்கே செருகுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் புரட்டுவாராம்.

"மனப்பாடம் ஆயிடுச்சுன்னுதான் நெனச்சேன். பக்கம் போனப்புறம் ஒருநாள் தோளப் பிடிச்சு இழுத்துட்டேன். வலி தாங்காமக் கத்திட்டா. அதுக்கப்புறம் அவளத் தொடவே பயமாப் போச்சு. இப்ப இடுப்புல படுக்கைப்புண் வந்திருக்கு."

"முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேப்பா," என்று நான் கேட்டேன்.

"எப்படிங்க? இத்தன ஆயிரம் பேரு வர்ற எடம்னு மேலயே எழுதிப் போட்டிருந்தீங்க. நான் ஒருத்தன் கேட்டா செய்வீங்களா?"

கேட்டீர்களா தாய்மார்களே? நாம் பெருமையாகக் காட்டிய எண், அவர் வாயை அடைத்திருக்கிறது. இல்லாத கூட்டத்தைக் காட்டி, இருந்த மனிதரைத் தயங்கவைத்திருக்கிறோம். எண் பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்தப் பொய்க்கு அஞ்சி ஓர் உண்மை ஓரமாக ஒதுங்கி நின்றதே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மருமகள் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினார். இயன்முறை மருத்துவர் அம்மா அந்த வெல்டர் வீட்டுக்கே போனார். புண் ஆறிவருகிறது.

அப்படியானால் அந்த நிரல்களையெல்லாம் விரட்டியடிப்போமா? அங்கே ஒரு தம்பி தலையை ஆட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்தப் பக்கம் உமக்கு எப்படிக் கிடைத்தது என்று வெல்டரிடம் கேட்டேன். "போன்ல தேடினேன், வந்துச்சு," என்றார். எப்படி வந்தது? என்றோ ஒரு தேடுபொறியின் நிரல் நம் தளத்துக்கு வந்து, இங்கே இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனதால் வந்தது. ஊருக்கு வழிகாட்டிப் பலகை எழுத வருபவரை ஊர் ஜனத்தொகையில் சேர்க்கக் கூடாது. அதற்காக ஊருக்குள் விடாமலும் இருக்கக் கூடாது. ஓயாமல் வந்து வாசலை அடைத்து, உண்மையான ஆளுக்குப் பக்கம் திறக்கவிடாமல் செய்கிறவற்றை மட்டும் மருமகள் தடுத்து வைத்திருக்கிறார். மற்றவை வரட்டும். ஆனால் தனியாக எண்ணுவோம்.

இப்போது செயலாளர் ஐயாவைக் கேட்கிறேன். உண்மையில் வருகிறவர்கள் கொஞ்சம்பேர்தான், எதற்கு இந்தத் தளம் என்கிறீர்கள். ஐயா, கொஞ்சமா அது? அந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் படுத்திருப்பார். பல்லாயிரம் முறை படித்த நிரலுக்கு முதுகு உண்டா? முழங்கால் உண்டா? வலிக்கிறது என்று கத்த வாய்தான் உண்டா? நீங்கள் ஏமாந்தது உதவ வேண்டும் என்ற ஆசையால். அதற்கு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தலாமா? பெட்டியில் இருக்கும் எண்ணை எடுப்போம். அந்த இடத்தில் "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டு ஒரு தொலைபேசி எண்ணைப் போடுவோம். தளம் இருக்கட்டும். இதுவே என் திருத்தம்.

அந்த வெல்டர் இன்று இங்கே வந்திருக்கிறார். பக்கத்தில், சக்கர நாற்காலியில், அவர் மனைவி. இந்த அம்மா அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. எந்தக் கணக்கியும் இவரை எண்ணியதில்லை. ஆனால் அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் போய்ச் சேர்ந்த இடம் இவருடைய உடம்பு.

அம்மா, என்ன செய்கிறீர்கள்? இன்னும் திருத்தத்தைத் தலைவி வாசித்து வாக்குக் கேட்கவே இல்லையே. அதற்குள் இடக்கையைத் தூக்கிவிட்டீர்களே.

சரி. தூக்கிய கை அப்படியே இருக்கட்டும். எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். செயலாளர் ஐயா, நீங்களும் பாருங்கள். நாளைக் காலையில் அந்தக் கரும்பலகையில் ஒன்று என்று எழுதுங்கள். இது கண்ணால் பார்த்து எண்ணியது. இனி இங்கிருந்து எண்ணிக்கொண்டு போவோம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னைக் கடிகாரம் பார்க்கச் சொல்லாத தலைவிக்கும், இந்நேரம் உங்கள் வீட்டில் விழித்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.