பதினொரு நிமிடத்தில் நின்ற எஞ்சின்

தலைமைக் கதிரைக்குப் பெருமை தந்து வீற்றிருக்கும் பத்திநாதர் அவர்களே! நாரந்தனை வாசிகசாலையை நாற்பது ஆண்டுகளாய்த் தாங்கி நிற்கும் பெரியோர்களே! சோளகக் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! புளியங்கூடலில் இருந்து சைக்கிள் மிதித்து வந்த நண்பர்களே! பின்னால், ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நிற்கும் கடற்கரை உறவுகளே! எல்லோருக்கும் இந்த வைத்திலிங்கத்தின் பணிவான வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். இரத்மலானையில் இருபது ஆண்டு விமான எஞ்சின் பழுதுபார்த்தவன் என்றார், உண்மை. நானும் மார்க்கண்டு மாஸ்ரரும் பலகையும் துணியும் கம்பியும் கொண்டு, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை இந்த வெளியிலேயே கட்டினோம் என்றார், அதுவும் உண்மை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதன் எஞ்சின் மக்கர் பண்ணியபோது பழுதைக் கண்டுபிடித்த மேதை நான் என்றார். மாலையும் போட்டார். அங்கேதான் ஐயா, எனக்குக் கழுத்துக் கடிக்கிறது.

"பூவுக்கை எறும்போ?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். எறும்பு இல்லை. இரும், சொல்லுறன்.

அறுபத்து நாலாம் ஆண்டு, ஆடி மாதம். கொழும்பில் இருந்து பரிசோதகர் ஒருவர் வருகிறார். எஞ்சினை அரை மணித்தியாலம் நிலத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் பறக்க அனுமதி. நின்றால் அந்த விமானம் கோழிக்கூடு. அவ்வளவுதானா? இல்லை! மாஸ்ரர் முதலில் பறக்க நினைத்த இடம் நெடுந்தீவு. பதினைந்து நிமிடப் பயணம். கீழே முழுக்கக் கடல்.

நாங்கள் சோதிக்காமல் விட்டோமா? மாஸ்ரரின் மனைவி மீனலோசனி, விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், நிலத்தில் சுண்ணாம்பால் வட்டம் கீறினார். விமானத்தைப் பன்னிரண்டு திக்குக்கும் திருப்பித் திருப்பி நிறுத்தி, திசைகாட்டி எத்தனை பாகை பிசகுகிறது என்று கொப்பியில் எழுதினார். கையில் ஒரு பேச்சு றேடியோவோடு புளியங்கூடல் வரைக்கும் நடந்துபோய், விமானத்துக்குள் இருந்த என்னிடம், "அண்ணை, கேக்குதோ? ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டுச் சரிபார்த்தார். திசை சரி. ஓசை சரி. எஞ்சின் மட்டும் சரியில்லை!

பரிசோதகர் வருவதற்கு முதல் நாள். முடுக்கினோம், முழங்கியது. மூன்று நிமிடம், முழக்கம். ஏழு நிமிடம், முழக்கம். பதினோராம் நிமிடம் முனகியது, இருமியது, நின்றது. பெற்றோல் தாங்கி மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். பெற்றோல் நிறைய இருந்தது. மூடினேன், முடுக்கினேன், ஓடியது. மறுபடியும் பதினோராம் நிமிடம் நின்றது! பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தரமும் மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். ஓடும், பதினொன்றில் நிற்கும். நாலு தரம்!

இருபது ஆண்டு அனுபவம் அப்போது என்ன செய்தது தெரியுமா? எஞ்சினைப் பார்ப்பதை விட்டு ஆளைப் பார்த்தது. பெற்றோல் தந்தவர் குருசுமுத்து. ஊர்காவற்றுறைக் கடற்கரையில் படகுகளுக்கு எண்ணெய் விற்றவர். துணியை நாலாய் மடித்து வடித்துத் தருகிறவர். அவரிடம் போனேன். மீன் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தினேன். "நாலு தரமும் பதினொரு நிமிஷத்திலை நிண்டுபோச்சு! தண்ணி கலந்த எண்ணெயைத் தந்து மாஸ்ரரைக் கடலுக்கை விழுத்தப் பாத்தனீரோ?"

அவர் ஏசினாரா? இல்லை. கேள்வி கேட்டார். "வைத்திலிங்கண்ணை, தண்ணி கலந்த எண்ணெயெண்டால் ஒவ்வொரு தரமும் பதினொரு நிமிஷம் ஏன் நல்லா ஓடுது? இடையிலை நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு யோசிச்சுப் பாத்தியளோ?"

பதில் இல்லாதவன் என்ன செய்வான்? சத்தத்தைக் கூட்டுவான். நான் கூட்டினேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் விடிந்ததும் விமானத்தடிக்குப் போனேன். இடையில் நான் என்ன செய்தேன்? மூடியைத் திறந்தேன். மூடியை! கழற்றிப் புரட்டிப் பார்த்தேன். தாய்மார்களே, உங்கள் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெசினை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்த் தாங்கி மூடியில் ஊசி முனை அளவில் ஓர் ஓட்டை. எண்ணெய் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் எண்ணெய் இறங்காது. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? மணல் புகாமல் அந்த ஓட்டையை உட்புறமாகச் சவுக்காரம் வைத்து அடைப்போம். இறைக்க முன் குத்தி எடுப்போம். ஓம் ஓம், அங்கே சிரிப்புத் தொடங்கிவிட்டது!

விமானத்தின் மூடியிலும் சவுக்காரம். அதில் ஒரு கட்டைவிரல் அடையாளம். யாருடைய விரல்? இதோ, இந்த விரல்! எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதற்கு முந்தின மாலை விமானத்தை மூடிவைத்தபோது, என் மெசினை மூடிவைக்கும் பழக்கத்தில் கை தானாகச் செய்த வேலை. திறந்து பார்த்தபோதெல்லாம் காற்றுப் போனது, எஞ்சின் பிழைத்தது. மூடியபோதெல்லாம் நானே அதன் மூச்சை அடைத்தேன்.

ஊசியால் குத்தினேன். பரிசோதகர் முன்னால் நாற்பது நிமிடம் ஓடியது. "என்ன பழுது?" என்று கேட்டார். என் வாயில் வந்தது என்ன? "எண்ணெய்ப் பழுது, ஐயா. சரிசெய்துவிட்டோம்." கையெழுத்து விழுந்தது. மாஸ்ரர் நெடுந்தீவுக்குப் பறந்தார், அங்கே வெளியில் மேய்ந்த காட்டுக் குதிரைகளைத் தாழப் பறந்து துரத்திவிட்டு இறங்கினார், பத்திரமாகத் திரும்பி வந்தார். ஊரே கைதட்டியது.

குருசுமுத்துவின் எண்ணெய் என்னவாயிற்று? நயினாதீவுப் படகுகள் வாங்கவில்லை. புளியங்கூடல் வாங்கவில்லை. ஆறு மாதத்தில் கடை பூட்டுப்பட்டது. இன்று அவர் இன்னொருவருடைய படகில் கூலிக்குப் போகிறார். வீதியில் அவரைக் கண்டால் நான் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவேன். வெட்கம், ஐயா. ஐந்து ஆண்டாய் வெறும் வெட்கம்.

அன்று கடற்கரையில் ஒலிபெருக்கி இல்லை. ஆனாலும் நான் சொன்ன பொய் தீவுக்குத் தீவு கேட்டது. இன்று ஒலிபெருக்கி இருக்கிறது. ஒலிபெருக்கிக்கார யாக்கோப்பு, சத்தத்தைக் கூட்டும். இன்னும் கூட்டும்! பழுது என் கையில்! பொய் என் வாயில்! பழுதைப் பிடித்தது குருசுமுத்துவின் கேள்வி! மார்க்கண்டு மாஸ்ரர் இந்த முன்வரிசையில் உயிரோடு இருப்பதும் அந்தக் கேள்வியால்! இந்த மாலை என் கழுத்துக்கு உரியது இல்லை; இதோ, கழற்றுகிறேன்.

குருசுமுத்து அண்ணை, கம்பத்தடியில் நீங்கள் நிற்பதைக் கண்டுதான் பேசத் தொடங்கினேன். என்னை மன்னிக்க வேண்டும். என்ன? என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, ஐயாமாரே!

"ஒலிபெருக்கிக் குழாயைக் கடற்கரைப் பக்கம் திருப்பிப்போட்டுத் திரும்பச் சொல்லுங்கோ" என்கிறார்.

நியாயம். முழு நியாயம்! யாக்கோப்பு, ஏறித் திருப்பும். இன்னும் கொஞ்சம். ஓம், அந்தப் பக்கம்தான்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. தலைவருக்கு நன்றி. கடற்கரைக்கு வணக்கம். குருசுமுத்துவின் எண்ணெய் நல்ல எண்ணெய்!