லூயி ராசாவுக்கு மஞ்சள் துணி

குகதாசன்: பெட்டி கிடக்குது, காசைக் காணேல்லை. மலர், உம்மைத்தான் கேக்கிறன்!

தவமலர்: எந்தக் காசு?

குகதாசன்: எந்தக் காசோ! பதினாலாம் லூயி ராசான்ரை வெள்ளிக்காசு. முந்நூறு வருசத்துப் பிரெஞ்சுக் காசப்பா! ரெண்டு வருசம் ஞாயிறு ஷிப்ட்டிலை பஸ் ஓடி வாங்கினது.

தவமலர்: ஓ... அந்தச் சுருட்டைத் தலைமயிர்க்காரனோ.

குகதாசன்: பகிடியை விடும். எங்கை?

தவமலர்: சாமித்தட்டிலை... மஞ்சள் துணியிலை முடிஞ்சு வைச்சிருக்கிறன்.

குகதாசன்: ஐயோ! அந்த முடிச்சோ? மகளின்ரை சோதினைக்கு நேந்து வைச்சதெண்டல்லோ நினைச்சன்! ஒரு பவுண்ட் குத்திக்காசு கிடைக்கேல்லையோ உமக்கு?

தவமலர்: சோதினைக்கெண்டால் ஒரு பவுண்ட் காணும்.

குகதாசன்: அதை விடப் பெரிய விசயம் என்ன?

தவமலர்: காசுக்குக் கீழை ஒரு கடிதம் மடிச்சு வைச்சிருந்தீங்கள். ஆஸ்பத்திரிக் கடிதம்.

குகதாசன்: ...வாசிச்சனீரோ?

தவமலர்: தூசு தட்டேக்கை கண்டனான். நுரையீரலிலை கட்டி, சதை எடுத்துச் சோதிக்கவேணும் எண்டு... மூண்டு கிழமையா வாயே திறக்கேல்லை நீங்கள்!

குகதாசன்: நீரும்தானே திறக்கேல்லை.

தவமலர்: நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு... ஒவ்வொரு நாளும்...

குகதாசன்: அழாதையும். இஞ்சை பாரும், காலமை போன் வந்தது. சதை எடுத்துச் சோதிச்சாச்சு, புற்றுநோய் இல்லையாம். எப்பவோ வந்த நெஞ்சுச்சளியின்ரை தழும்பாம். அந்தக் கடிதத்தைக் கிழிச்செறியத்தானே பெட்டியைத் திறந்தனான்.

தவமலர்: உண்மையாவோ? என்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லுங்கோ!

குகதாசன்: சத்தியமா.

தவமலர்: அப்பாடா... முருகா! இண்டைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

குகதாசன்: எனக்கும் பசிக்குது. என்ன கறி?

தவமலர்: பொறுங்கோ, உங்கடை ராசா? ஐயரைக் கேட்டால், அதின்ரை பெறுமதியை உண்டியலிலை போட்டிட்டு ராசாவைத் திருப்பி எடுக்க...

குகதாசன்: விடும். நேந்தது நேந்ததுதான். வெள்ளிக்கிழமை வெம்பிளிக் கோயிலுக்குப் போய் நானே போடுறன்.

தவமலர்: ஆர் கதைக்கிறது இது!... அது சரி. சாமித்தட்டுப் பக்கமே போகாத மனிசன். அந்த முடிச்சை எப்ப கண்டனீங்கள்?

குகதாசன்: ...என்ரை முடிச்சை வைக்கேக்கை.

தவமலர்: நீங்களோ! சுகம் வரவேணும் எண்டோ?

குகதாசன்: இல்லையப்பா... நான் போயிட்டால், நீர் தனிய இருக்கப் பயப்பிடக் கூடாதெண்டு.