கோபித்துக்கொண்ட கிழட்டுப் பூனை

புதுச்சேரி ஸ்டேஷனில் விழுப்புரம் ரயிலுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் தோழியிடம், "எங்க பூனை என்கூடப் பேசறதில்ல, ரோசம்மா" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"பதினாலு வருஷமா கூப்ட்டா ஓடி வரும். இப்ப திரும்பிக்கூடப் பாக்கல. பின்னாலேர்ந்து தொட்டா பதறிக் கடிக்குது. சும்மா ஒக்காந்து தொண்டை கிழியக் கத்துது. என்ன கோவம்னே புரியல."

"வயசாச்சில்ல, காது கேக்கலையோ என்னவோ."

"மீன் சட்டியத் தொறந்தா வந்துடுதே?"

"வாசனைக்கு வருது."

வரிசை நகர்ந்தது, அம்மாள் நகரவில்லை.

"அப்போ நான் திட்டினது எதுவும் அதுக்குக் கேக்கலையா?"

"கேட்டிருக்காது, விடு."

"தொடப்பத்தால அடிச்சேனே. எதுக்கு அடிக்கிறேன்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காதே!"

ரோசம்மா பதில் சொல்வதற்குள், அம்மாள் வரிசையை விட்டு வெளியே போய், வீடு திரும்ப, ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்வண்டி ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.