காலண்டரில் கரிப்புள்ளி

யுத்த காலத்தில் ஒரு நாள் பாலக்கரையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கழுத்தில் ஜெபமாலையோடு இரண்டு பெண்கள். இளையவள் முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினாள்.

"என்னால எங்க தெருவுல பாதி நாள் கறி வேகறதில்லக்கா."

"உன்னாலயா?"

"நாலு புள்ளை போதும்னு, அவரை விட்டுத் தள்ளிப் படுக்கவேண்டிய நாளுக்கெல்லாம் மாதா கோவில் காலண்டர்ல கரிப்புள்ளி வச்சேன். பாவமில்லன்னு சாமியாரே சொன்னாரு. மாமியாரு அதைக் கறி தின்னக்கூடாத சுத்தபோசன நாள்னு நெனச்சு, தெருவுக்கே சொல்லிட்டாங்க."

"இல்லன்னு சொல்லக்கூடாதா?"

"எந்த வாயால சொல்றது?"

வரிசை நகர்ந்தது.

"இந்த மாசம் ஏன் புள்ளியே காணோம்னு கேக்குறாங்கக்கா."

பெரியவளின் பார்வை கீழே இறங்கியது. இளையவள் மண்ணெண்ணெய்ப் புட்டியை வயிற்றோடு அணைத்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.