மாடியில் ஓடிய ஸ்டீயரிங்

உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியில் பேரிங் தேய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உங்களுக்குக் கேட்காது, நாள் முழுக்க அதன் அடியிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலான மனிதர்களுக்குக் காது என்பது மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவும் ஓர் உறுப்பு, அவ்வளவுதான்.

என் தொழில் சத்தத்தை அளப்பது. துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் எனக்கென்று ஓர் அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு. புதிதாக வரும் ஒவ்வொரு இயந்திரமும் கடைக்குப் போகும் முன் அங்கே வந்து என் எதிரில் சுற்றிக் காட்ட வேண்டும். பெட்டியின் மேல் ‘அமைதியானது’ என்று அச்சிடலாமா என்று என்னைக் கேட்பார்கள். கூடாது என்பேன். அவர்கள் அச்சிட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளையின் ஸ்டீயரிங்கைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

அவர் என் தங்கையின் கணவர். எங்கள் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் நானும் தங்கையும் இருந்தோம். அவள் கல்யாணம் செய்துகொண்டாள்; அவர் இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தார். வீட்டோடு மாப்பிள்ளை. முன்பு ஒரு கிடங்கில் வேன் ஓட்டியவர். சர்க்கரை நோய், ஊசி போட்டுக்கொள்கிற வகை. சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், கிடங்கில் அவரை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் செடி வளர்த்திருப்பார். இவர் மாடியில், என் அறைக்குப் பக்கத்து அறையில், கணினித்திரை, இருக்கை, மிதிகள், ஸ்டீயரிங் எல்லாம் பொருத்தி கார்ப் பந்தயம் ஓட்ட ஆரம்பித்தார். நகராத காரில் இல்லாத ஊரைச் சுற்றி வந்து, நிஜமாக வியர்த்துக்கொண்டு கீழே இறங்குவார். “மச்சான், இன்னிக்கு மூணாவதா வந்தேன்” என்பார். எங்கே வந்தார் என்று நான் கேட்டதில்லை.

இந்த ஸ்டீயரிங்குகளில் மூன்று வகை உண்டு. மோட்டாரின் விசையைப் பல்சக்கரங்கள் வழியாகக் கைக்குக் கொண்டுவருவது ஒன்று. மலிவானது, ஒவ்வொரு திருப்பத்திலும் கடகடவென்று அரைக்கும். பெல்ட் போட்டது அடுத்தது, அது முனகும். மோட்டாரையே நேரடியாகத் தண்டில் கோத்தது மூன்றாவது. அதில் காதுக்கு ஒன்றும் வராது. அவரிடம் இருந்தது முதல் வகை. மோட்டாரைவிட மோசமானது அதன் அதிர்வு. மேஜைக்கால் வழியாகத் தரைக்குள் இறங்கி, சுவர் வழியாக என் கட்டிலுக்கு ஏறும்.

அளந்தேன். பிறகு ஒரு முழுப் பந்தயத்தையும் என் நல்ல மைக்கில் பதிவுசெய்து, சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். தாங்கள் என்ன செய்கிறோம் என்று மனிதர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “அடேங்கப்பா, நம்ம ஸ்டீயரிங்குக்குப் பல்லு வலி போல இருக்கே மச்சான். நல்ல டாக்டரா பாருங்க.”

தங்கை புரையேறச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோச்சுக்காதண்ணா. எனக்கு அது தாலாட்டு மாதிரி. அது ஓடுதுன்னா அவர் நல்லா இருக்காருன்னு அர்த்தம்” என்றாள்.

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவள் கீழறையில் தையல்காரி. திரைச்சீலை, பள்ளிச் சீருடை. மேலே கடகடவென்று ஓடும்வரை தைத்துக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். திரும்பத் தொடங்காவிட்டால் பழரசத் தம்ளரோடு படியேறுவாள். இரண்டொரு தடவை அப்படித்தான் அவரைப் பிழைக்கவைத்தாள். விளையாட்டு மும்முரத்தில் தனக்கு மயக்கம் வருவதே அவருக்குத் தெரியாது.

இதில் எனக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நான் வேலை முடிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இப்போது பேச்சின் நடுவில் விரலைத் தூக்குவாள். “ஒரு நிமிஷம்ணா.” முகம் கூரையைப் பார்க்கும். மேலே கடகட. விரல் இறங்கும். “ம், சொல்லு.” என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கும் நினைவிருக்காது, எனக்கும் சொல்லத் தோன்றாது. ஒரு மலிவான பல்சக்கரத்துக்கு இருந்த மரியாதை என் பேச்சுக்கு இல்லை. ஆனால் நான் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் சத்தம்.

அவளுடைய தையல் மெஷினையும் அளந்திருக்கிறேன். ஸ்டீயரிங்கைவிட அதில்தான் சத்தம் அதிகம். அதை அவர்களிடம் சொல்லவில்லை. வேலையின் சத்தத்துக்கு அளவுகோல் வேறு.

அன்று மாலை, அவர் வழக்கமாக ஓட்டுகிற நேரத்தில் வந்தபோது மாடியில் சத்தமே இல்லை. என் காது பொய் சொல்வதில்லை. ஓட்டவில்லை என்றால் விழுந்திருக்கிறார் என்று முடிவுசெய்து அவர் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். இருக்கையின் முதுகுக்கு மேல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை கீழே தொங்கி லேசாக உதறிக்கொண்டிருந்தது. திரையில் அவருடைய கார் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டேன். கூப்பிடவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நூலகத்தில் கூப்பிடுகிற அளவில் கூப்பிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு என் அறைக்குப் போனேன். ஒலிபெருக்கியைத் தரையில் கவிழ்த்துவைத்து, அந்தப் பழைய பதிவை ஓடவிட்டேன். கூரை வழியாகக் கீழே எப்படிக் கேட்குமோ அப்படி அளவை வைத்தேன். பதிவு முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும்படியும் வைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

கீழே போனேன். தங்கை அப்போதுதான் கடையிலிருந்து நூல் வாங்கி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“அய்யோ, பழசுக்கே போயிட்டாரா? பாவம், எவ்வளவு ஆசையா…” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எது?”

“ஒண்ணுமில்ல. அவரே சொல்லுவாரு. நீ டீயைக் குடி.”

குடித்தேன். அவள் ஒரு சீருடைச் சட்டைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். எங்கள் பழைய கணக்கு வாத்தியார் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எதிர் வீட்டுக்காரி தையல் கூலிக்குப் பேரம் பேசிய கதையைச் சொன்னாள். நான் என் மேலாளரைப் பற்றிச் சொன்னதை முழுதாக, நடுவில் நிறுத்தாமல் கேட்டாள். விரல் ஒருமுறைகூட எழவில்லை. அப்படி ஒரு மாலை எங்களுக்கு வாய்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது டீயும் போட்டாள்.

நூல்கண்டு உருண்டு வெட்டுமேஜைக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. அடியில் ஒரு பெட்டி. மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே பழைய ஸ்டீயரிங். தோல் கிழிந்த இடத்தில் அவளே தைத்துப் போட்ட நீலத் துணியோடு. அவள் கடைக்குப் போன நேரத்தில் அவர் அதைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மேலே கடகடவென்று ஒரு வளைவு திரும்பியது.

“உனக்காகத்தாண்ணா புதுசு வாங்கினாரு. சத்தமே வராதது. மச்சான் நிம்மதியா தூங்கட்டும்னு” என்றாள். குரல் மெதுவாக வந்தது, எதையோ கூட்டிப் பார்க்கிறவள் போல. “ஒவ்வொரு சுத்துக்கும் காலால தரையைத் தட்டறேன், நீ கேட்டுக்கோன்னு சொன்னாரு.”

விரலைத் தூக்கினாள். கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்போ மேல ஓட்டறது யாருண்ணா?”

பழரசத்தை எடுத்துக்கொண்டுதான் ஓடினாள். அந்த நேரத்திலும் மறக்கவில்லை. முதலில் அவர் அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. தம்ளர் விழுந்த சத்தம். கொஞ்சம் கழித்து என் அறைக் கதவு. பிறகு ஸ்டீயரிங் நின்றது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அவசரப்படவில்லை. டாக்டர் அவளிடம், கொஞ்சம் முன்னால் ஒரு தம்ளர் பழரசம் உள்ளே போயிருந்தால் போதும் என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டர்களுக்கும் தங்கள் வாயிலிருந்து வருவது கேட்பதில்லை.

என் கணக்கில் ஒரு பிழை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். சத்தம் இல்லையென்றால் மனிதன் விழுந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அவர் விழாமல் இருந்திருந்தாலும் அன்று சத்தம் வந்திருக்காது. தப்பான வழியில் சரியான விடைக்கு வந்திருக்கிறேன். கண்ணைச் சற்று நம்பி, இருக்கையைச் சுற்றிப்போய் ஸ்டீயரிங்கைப் பார்த்திருந்தால், அந்தப் பதிவைப் போட்டிருக்க மாட்டேன். வேறு ஏதாவது செய்திருப்பேன்.

அவர் மயங்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பழரசம் எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் கொடுக்கவில்லை, கொடுக்கக்கூடியவளையும் கீழே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் என்ற இடத்தில் சத்தம் என்றே எழுதுங்கள். மனிதன் தாங்கக்கூடிய அளவு என்று ஒன்று இருக்கிறது; அதைத் தாண்டியிருந்தது. நான்தான் அளந்தேனே. நீங்கள் நம்பாதது தெரிகிறது. தங்கையும் நம்பவில்லை. காவலர்கள் என்னை அழைத்துப்போகும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். “அவ்வளவு நேரம் தலைக்கு மேல ஓடிட்டிருந்துச்சே, உனக்கு ஒண்ணுமே பண்ணலியா?”

யோசித்துப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.