சாரதாம்பாளின் கணவர் உயிருடன் வந்த நாள் குறித்து உதவித்தொகைக் கிராணி ஜெயபாலன் சொன்னது

மலாக்கா, 15 செப்டம்பர் 1958, திங்கட்கிழமை.

என் பெயர் ஜெயபாலன். தகப்பனார் பெயர் கருணாகரன். வயது முப்பத்தொன்று. மலாக்கா, காஜா பேராங் சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். அதே சாலையிலுள்ள நிவாரண உதவி அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாக உதவித்தொகைக் கிராணியாக வேலை செய்கிறேன். மனுக்களை வாங்குவது, மனுதாரர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, சிபாரிசு எழுதி மேலே அனுப்புவது, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பெயர் கூப்பிட்டு உதவி வழங்குவது என் பொறுப்பு. சாரதாம்பாள் என்பவர் கணவர் உயிரோடு இருப்பதை மறைத்து விதவை உதவி பெற்றார் என்றும், நான் அதற்கு உடந்தை என்றும் எழுந்துள்ள புகாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டு சாரதாம்பாள் மனுக் கொடுத்தார். ஜப்பான்காரர் காலத்தில், 1943இல், செங் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவர் கணவர் அப்பாசாமியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள் என்றும், அவர் அங்கேயே இறந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். அதே தோட்டத்திலிருந்து போய்த் திரும்பி வந்த தேவதாஸ் என்பவர், அப்பாசாமியைத் தன் கையாலேயே குழியில் இறக்கியதாகச் சத்தியக் கடிதம் கொடுத்திருந்தார். விதிப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். சயாமிலிருந்து திரும்பியவர்களே சிலர் என்பதால் நான் ஒரு சாட்சியோடு விட்டுவிட்டேன். அது என் தவறு. அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அவர் மருத்துவமனைத் துணிகளைத் துவைத்து மகள் ஜெயாவைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். சிபாரிசு எழுதினேன். உதவி கிடைத்தது.

இம்மாதம் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவில், உதவி வாங்க வந்த பெண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவர் கட்டையை ஊன்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, ஊனமுற்றோர் உதவிக்கு மனு எழுத வேண்டும் என்றார். படிவத்தை எடுத்துப் பெயர் கேட்டேன். அப்பாசாமி என்றார். அந்தப் பெயரில் பலர் உண்டு என்பதால் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், சயாமுக்குப் போன வருடம் எல்லாம் சொன்னார். மனைவி பெயர் கேட்டேன்.

"சாரதாம்பாள். இப்ப இங்க இல்லீங்க. கப்பலேறி நாகப்பட்டணம் போயிட்டதா தோட்டத்துல சொன்னாங்க."

எழுந்து போய்ச் சாரதாம்பாளின் கோப்பை எடுத்து வந்து அதிலிருந்த புகைப்படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "கிராணி, இது யாரு கொடுத்த படம்?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாளே இந்த ஊரில் இருந்துகொண்டு கொடுத்தது என்றேன். அதன் பிறகு தேவதாஸின் சத்தியக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவன் மேல குத்தமில்ல. நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். புண் அழுகிக் காலை எடுத்த பிறகு, சண்டை முடிந்து ஊர் திரும்பவிருந்த தேவதாஸிடம், "நான் செத்துட்டேன்னு சொல்லிடு. அவ சின்ன வயசு, வேற ஒருத்தனைக் கட்டிக்கட்டும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டதாகவும், சயாமிலேயே ஒரு விவசாயி வீட்டில் கூடை முடைந்து பிழைத்ததாகவும், அந்த விவசாயி இறந்த பின் போக்கிடம் இல்லாமல் வந்ததாகவும் சொன்னார்.

சாரதாம்பாள் அப்போது வெளியே பெஞ்சில்தான் இருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே போய், "அம்மா, இன்னைக்கு வீட்டுக்குப் போங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"விடிஞ்சதும் வந்து உக்காந்திருக்கேன் தம்பி. ஏன் போகணும்? என் பேரு இல்லையா?" என்று அவர் சத்தமாகக் கேட்டார்.

அந்தக் குரலைக் கேட்டு அப்பாசாமி கதவருகே வந்து நின்றுவிட்டார். சாரதாம்பாள் அவரைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதன் பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் உதடுகள் வெளுத்துப்போயிருந்தன.

"காலு எங்க?" என்று கேட்டார்.

"சயாம்ல."

"புள்ளைய கேக்கமாட்டீங்களா?"

"பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல இருக்கு" என்று சாரதாம்பாளே சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, என் பேரை அடிச்சிடுங்க" என்றார். அன்றைய உதவியை அவர் வாங்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அப்போதே கோப்பில், கணவர் உயிருடன் உள்ளார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர்கள் இருவரும் வெளியே போனார்கள். சாரதாம்பாள் வேகமாக முன்னால் நடந்தார். சாலை முனையில் நின்று, அப்பாசாமி வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.

மறுநாள் தலைமைக் கிராணி கலியாணசுந்தரம் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொம்பளைக்கு எல்லாம் முன்னமே தெரியும்னு எழுதிக் கொடுத்திடு. உன் வேலை தங்கும்" என்றார். நான் எழுதவில்லை. அன்று பெஞ்சைப் பிடித்து எழுந்தவரின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியாது. இதை எங்கு கேட்டாலும் சொல்வேன்.

ஆறாம் தேதி சனிக்கிழமை உதவி அட்டையைத் திரும்பப் பெற அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாசாமி தரையில் உட்கார்ந்து பழைய கூடையொன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜெயா உள் கதவுக்குப் பின்னால் நின்று தகப்பனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. தேவதாஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்பாசாமி வந்த நாளிலிருந்தே தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதாகவும், யாரும் அவரோடு பேசுவதில்லை என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

சாரதாம்பாள் அட்டையைக் கொடுத்துவிட்டு என்னிடம், "பன்னெண்டு வருஷம் ஐயரை வச்சு இவருக்குத் திதி கொடுத்தேன் தம்பி. வாசல்ல இருக்கிற இந்த அண்ணனும் கூடவே நின்னாரு. அந்த எள்ளும் தண்ணியும் யாருக்குப் போயிருக்கும்?" என்று கேட்டார்.

அப்பாசாமி கூடையிலிருந்து கையை எடுக்காமல், "அங்க பேரு தெரியாம நெறைய பேரு கிடக்கிறாங்க. அவங்களுக்குப் போயிருக்கும்" என்றார்.

சாரதாம்பாள் உள்ளே போய் மூன்று குவளைகளில் தேநீர் கொண்டுவந்து, ஒன்றைக் கணவரிடமும், ஒன்றை என்னிடமும், ஒன்றை வாசற்படியில் இருந்தவரிடமும் கொடுத்தார். தேவதாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் சொன்னவை தமிழில் எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் உண்மையாகச் சொல்லியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. ஜெயபாலன்